கண்டது எவ்வளவு, நினைவில் நின்றது எவ்வளவு?

பாபிலோன் மன்னன் நெபுகத்னேசர் ஓர் இரவு கனவு கண்டு கலங்கினான். உறக்கம் அவனை விட்டு அகன்றது. நாட்டிலுள்ள ஞானியரையும் சோதிடரையும் வரவழைத்தான். கனவைக் கூறினால் பொருளுரைக்கிறோம் என்றனர் அவர்கள். கனவையும் நீங்களே கூற வேண்டும், இன்றேல் உயிர் தப்பாது என்றான் மன்னன். தானியேல் நூலின் 2-ஆம் அதிகாரத்தில் வரும் இந்நிகழ்ச்சியை நம் வாசக அன்பர்கள் நன்கறிவர்.

மன்னன் ஏன் இப்படியொரு கட்டளை பிறப்பித்தான் என்பதில் இரு கருத்துகள் உண்டு. புனித எரோணிமுசின் இலத்தீன் மொழிபெயர்ப்பையொட்டிப் படித்தோர், கனவு அவன் நினைவை விட்டு நழுவிவிட்டது என்று பொருள் கொண்டனர். மூலமொழியை ஆராய்ந்த இக்கால மொழிபெயர்ப்பாளர்களோ, தன் ஆணை மாறாதது என்று மன்னன் உரைப்பதாகவே கொள்கின்றனர். அதாவது, அவன் கனவை மறக்கவில்லை. ஞானியர் வாய்க்கு வந்ததைப் புனைந்துரைப்பார்களோ என்று சோதித்தான். இவற்றுள் எதை ஏற்பினும் ஒன்று விளங்குகின்றது. கனவுக்குக் கண்டவனைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த ஒரே சாட்சியும் விழித்த சில நிமிடங்களில் கண்டவற்றில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறான். தானியேலுக்குக் கனவை வெளிப்படுத்தியவர் இறைவன். ஏனையோரோ தத்தம் நினைவையே நம்ப வேண்டியிருக்கிறது.

எல்லாக் கனவுகளையும் பற்றி இங்கு எழுத நாம் முற்படவில்லை. ஒருவகைக் கனவைப் பற்றியே பேச விரும்புகிறோம். கனவு நடந்துகொண்டிருக்கும்போதே, இது கனவு, என் உடல் கட்டிலில் கிடக்கிறது என்று காண்பவர் உணர்ந்துகொள்வது இதன் இயல்பு. உணர்ந்த பின்னும் கனவு கலைவதில்லை. அவர் தெருக்களில் நடக்கிறார், மனிதரோடு உரையாடுகிறார், சிந்திக்கிறார், தீர்மானம் செய்கிறார். நம் மொழியில் அறிதுயில் என்றொரு பழஞ்சொல் உண்டு. திருமாலின் துயிலைக் குறிக்க வைணவ அன்பர்கள் வழங்குவது அது. அச்சொல்லையொட்டி, இத்தகைய கனவை அறிகனவு என்று இக்கட்டுரையில் குறிப்போம். 50 ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கெடுப்பு ஒன்றின்படி, வினவப்பட்டோரில் 100-க்கு 55 பேர் வாழ்நாளில் ஒருமுறையேனும் அறிகனவு கண்டவர்கள். எனவே இது துறவியர்க்கோ யோகியர்க்கோ மட்டும் உரிய அரிய பேறன்று. இதைப் படிக்கும் குடும்பங்களிலும் கண்டவர்கள் இருப்பர்.

இறந்துபோன தாயோடு கனவில் நெடுநேரம் உரையாடியவர், அது கனவென்று அறிந்தும் மகிழ்ந்தவர், விழித்ததும் தாய் சொன்ன சொல் ஒன்றுகூட நினைவில் இல்லையே என்று தவிப்பதுண்டு. வேறு சிலர், நினைவில் இல்லாததைத் தம்மையறியாமலே இட்டு நிரப்பி, அம்மா இப்படிச் சொன்னார், இன்னாருக்குச் சொத்தைக் கொடுக்கச் சொன்னார் என்று கூறி வீட்டில் பிணக்கை விளைவிப்பதும் உண்டு. ஆகவே நீண்ட அறிகனவை எவ்வளவு நினைவில் கொணர முடியும், கொணர்ந்ததை எவ்வளவு நம்பலாம் என்பது வெறும் வேடிக்கைக் கேள்வியன்று.

கார்த்தேஜ் மருத்துவரின் இரு இரவுகள்

இத்துறையில் பழமையான சான்று ஒன்றை நமக்குத் தந்தவர் புனித அகுஸ்தினார். ஏறத்தாழ 415-ஆம் ஆண்டில், எவோதியுஸ் என்னும் ஆயருக்கு அவர் வரைந்த மடலில் (அவருடைய மடல்களுள் 159-ஆவது இது) ஜென்னாதியுஸ் என்னும் மருத்துவரின் அனுபவம் கூறப்படுகின்றது. உரோமையில் பெயர் பெற்று, பின் கார்த்தேஜ் நகரில் வாழ்ந்தவர் இவர். ஏழைகளிடம் மிகுந்த இரக்கம் காட்டியவர். ஆயினும் இளமையில், சாவுக்குப்பின் வாழ்வு உண்டோ என்னும் ஐயம் அவரை வாட்டியது.

ஓரிரவு கனவில் எழில் மிக்க இளைஞர் ஒருவர் தோன்றித் தம்மைப் பின்தொடருமாறு பணித்தார். ஜென்னாதியுஸ் பின்சென்று ஒரு நகரை அடைந்தார். வலப்புறத்திலிருந்து அதுவரை கேட்டறியாத இனிய பாடல் ஒலித்தது. அது பேறுபெற்றோரின் பாடல் என்று இளைஞர் விளக்கினார். விழித்தார் மருத்துவர், கனவுதானே என்று அதைப் பொருட்படுத்தாது விட்டார்.

மறு இரவும் அதே இளைஞர் வந்தார். என்னைத் தெரிகின்றதா என்று கேட்டார். நன்றாகத் தெரிகின்றது என்றார் மருத்துவர். எங்கே கண்டீர் என்ற கேள்விக்கு, முதல் இரவின் கனவை முழுவதும் எடுத்துரைத்தார். அவற்றை உறக்கத்தில் கண்டீரா, விழிப்பில் கண்டீரா? உறக்கத்தில். இப்போதும் நீர் உறக்கத்தில்தான் காண்கிறீர் என்றார் இளைஞர். மருத்துவர் அதை ஏற்றார். உம் உடல் எங்கே என்று கேட்டபோது, படுக்கையில் என்றார். உடலின் கண்கள் மூடியிருக்க, என்னைக் காணும் கண்கள் யாவை என்று கேட்டபோது அவருக்கு விடை தோன்றவில்லை. உடற்கண் மூடியிருக்கும்போதே காணும் ஆற்றல் உமக்கு உளதென்றால், இறப்பில் அக்கண்கள் செயலற்ற பின்னும் உம்மில் ஒரு வாழ்வு இருக்கும். இனி ஐயுறாதீர் என்று இளைஞர் முடித்தார்.

இதனை மறுவாழ்வுக்குச் சான்றாகவே மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். நாம் இங்கு சுட்ட விரும்புவது வேறு. கனவுக்குள் கனவென்றறிதல், முந்திய கனவை அடுத்த கனவில் நினைவுகூர்தல், இரண்டையும் விழிப்பில் பிறருக்கு எடுத்துரைத்தல் ஆகிய மூன்றும் ஒரே நிகழ்ச்சியில் இங்கு அமைந்துள்ளன. மேலும் ஒன்று. நகரின் இடப்புறத்தில் ஜென்னாதியுஸ் எதைக் கண்டதாகச் சொன்னார் என்பது தமக்கு உறுதியாக நினைவில்லை என்று அகுஸ்தினார் வெளிப்படையாக எழுதுகின்றார். வலப்பக்கத்தில் விண்ணகப் பாடல் இருந்தால் இடப்பக்கத்தில் நரக வேதனையை எழுதிவிடுவது எவ்வளவு எளிது! சொல்லணியில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் எவருமிலர். எனினும் அவர் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார்.

பிற்காலத்தில் புனித தோமா அக்குவினாரும் இதனைத் தொட்டுச் சென்றுள்ளார். உறங்குவோர் சில வேளைகளில், தாம் காண்பது கனவே என்று உறக்கத்திலேயே தீர்மானிக்கக்கூடும் என்று தம் இறையியல் தொகுப்பின் முதற்பகுதியில் கூறும் அவர், உறக்கத்தில் தருக்கம் செய்பவர் விழித்ததும் அதில் ஏதேனும் பிழை இருந்ததை உணர்வார் என்றும் சேர்த்துக்கொள்கிறார். கனவில் கண்டுபிடித்த பேருண்மையை விழித்ததும் எழுதிப் பார்த்து நகைத்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

குறிப்பேடு வைத்தவர்கள்

நீண்ட கனவுகளை நினைவில் நிறுத்தும் பயிற்சியை விடாமுயற்சியோடு மேற்கொண்டவர் பிரான்சு நாட்டு எர்வே த சேன்-தெனீ. சீன மொழியில் புலமை பெற்றுப் பாரிசில் பேராசிரியராயிருந்தவர். சிறுவனாயிருந்தபோது, 13-ஆம் வயதில், கனவுகளை எழுதவும் வரையவும் தொடங்கினார். 22 ஏடுகள் நிறைந்தன. தொடக்கத்தில் பல இரவுகள் ஏட்டில் வெறுமையாயின. பழகப் பழக வெறும் இரவுகள் குறைந்தன. பின்னர்தான் கனவிலேயே கனவென்று உணரும் ஆற்றல் கைகூடிற்று. தம் அனுபவங்களை 1867-இல் நூலாக வெளியிட்டார். இந்த வரிசை முறை கருத்தில் கொள்ளத்தக்கது. நினைவு முதலில், அறிவு பின்னால். அறிகனவு காண வேண்டும் என்று துடிக்கும் இளைஞர்கள் பலர் இதனைத் தலைகீழாகத் தொடங்கிச் சோர்ந்து போகிறார்கள்.

அறிகனவுக்கு ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் பெயரை நிலைபெறச் செய்தவர் ஆலந்து நாட்டு உளநோய் மருத்துவரும் எழுத்தாளருமான பிரெடரிக் வான் ஏடன். 1898-க்கும் 1912-க்கும் இடையே தாம் கண்ட 352 அறிகனவுகளைக் குறித்து வைத்து, 1913-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு கனவில், இது கனவுதானா என்று சோதிக்க மெல்லிய மதுக்கிண்ணத்தை ஓங்கி அடித்தார், அது உடையவில்லை. சற்றுப் பொறுத்து மீண்டும் நோக்கினார், உடைந்து கிடந்தது! மேடையில் தம் முறையை மறந்து தாமதமாக வந்த நடிகரைப்போல் அது தமக்குத் தோன்றியது என்கிறார். அறிகனவுகள் யாவும் தமக்குக் காலை 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையிலேயே தோன்றின என்றும் அவர் எழுதியுள்ளார். அதன் காரணம் அன்று எவருக்கும் விளங்கவில்லை. சமயங்கள் பலவற்றை ஆராய்ந்து அலைந்த வான் ஏடன் 1922-இல் நம் திருச்சபையில் சேர்ந்தார் என்பது நம் அன்பர்களுக்கு மகிழ்வூட்டும் செய்தியாகலாம். அதற்கும் அவர் கனவுகளுக்கும் முடிச்சுப் போட நாம் துணியவில்லை.

அந்தக் காரணம் 1953-க்குப் பின் விளங்கலாயிற்று. அவ்வாண்டு சிக்காகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், உறங்குவோரின் விழிகள் சில நேரங்களில் இமைக்குள் விரைந்து அசைவதைக் கண்டறிந்தனர். அந்த நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவு கூறினர். இத்தகைய விழியசைவு உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வருகின்றது. முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும். விடியற்காலையில் அரைமணி நேரமும் அதற்கு மேலும் நீளும். நெடுங்கனவுகளும் அறிகனவுகளும் விடியலை ஒட்டி வருவது இதனாலேயே.

இங்கு ஒரு பழைய எண்ணத்தைத் திருத்த வேண்டும். நெடிய கனவு நொடிப்பொழுதில் நிகழ்ந்து முடிகின்றது என்று பலர் இன்னும் நம்புகின்றனர். பிரெஞ்சு அறிஞர் மோரி, பிரெஞ்சுப் புரட்சியில் தமக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டுத் தலை வெட்டப்படுவதாகக் கனவு கண்டு விழித்தபோது, கட்டிலின் மேற்சட்டம் கழுத்தில் விழுந்திருந்ததாம். அந்த அடி பட்ட கணத்தில்தான் முழுக்கனவும் பிறந்தது என்று அவர் கருதினார். ஆயினும் 1957-இல் திமென்ட், கிளைட்மன் இருவரும் செய்த ஆய்வு வேறு கூறிற்று. விழியசைவு தொடங்கி 5 நிமிடம் அல்லது 15 நிமிடம் கழித்து எழுப்பப்பட்டவர்கள், தாம் கனவு கண்ட நேரத்தைப் பெரும்பாலும் சரியாகவே மதிப்பிட்டனர். அரைமணிக்கும் மேலாகக் கனவு கண்டவர்களோ, மிக நெடிய கனவு கண்டதாக உணர்ந்தும், சொன்ன விவரம் 15 நிமிடக் கனவுக்குரிய அளவைப் பெரிதும் தாண்டவில்லை. மிக நீண்ட கனவின் விவரங்கள் எல்லாம் அவர்களுக்கு நினைவில் நில்லாதது இதற்குக் காரணமாகலாம். நெடுங்கனவின் முதற்பாதி, கனவு முடியுமுன்பே கரையத் தொடங்கிவிடுகின்றது போலும்.

1975-இல் இங்கிலாந்தின் அல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் ஒரு புதுவழி கண்டார். உறக்கத்தில் உடல் தசைகள் கட்டுண்டு கிடந்தாலும் விழிகள் கட்டுண்டதில்லை அல்லவா? எனவே, கனவென்று உணர்ந்தவுடன் விழிகளை இடமும் வலமுமாகக் குறித்த முறையில் அசைக்குமாறு ஆலன் வோர்ஸ்லி என்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். உறக்கத்தினின்று அக்குறி வந்தது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் தாமும் தனியே இதே வழியைக் கண்டு 1981-இல் வெளியிட்டார். கனவிலிருந்தபடி பத்துவரை எண்ணுவதற்கு ஆகும் நேரம், விழிப்பில் எண்ணும் நேரத்தோடு ஏறக்குறைய ஒத்திருப்பதையும் அவர் காட்டினார். அகுஸ்தினார் வாய்மொழியாகக் கேட்டறிந்ததைக் கருவிகள் தாளில் வரைந்து காட்டின.

நம் பொருளுக்கு நெருங்கிய ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அமெரிக்கா, பிரான்சு, செர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் நான்கு குழுக்கள் 36 பேரிடம் இதனை நடத்தின. அறிகனவில் இருப்போரிடம் வெளியிலிருந்து எளிய கணக்குகள் கேட்கப்பட்டன. எட்டில் ஆறு போனால் எத்தனை என்பது போன்றவை. சிலர் விழியசைவால் சரியான விடை தந்தனர்; சரியான விடை கிடைத்தது ஐந்து முயற்சிகளில் ஒன்றுக்கும் குறைவே. வியப்பு அதில் இல்லை. விழித்தபின் கேட்டபோது, சிலர் கேட்கப்பட்ட கணக்கையே வேறாகக் கூறினர். கனவில் அறிவு தெளிந்திருந்தது, விடையும் பதிவாயிற்று, எனினும் நினைவு மாற்றிச் சொல்லிற்று. தெளிவாகக் கண்டேன், ஆகவே சொல்வது தவறாகாது என்று வாதிடுவோர் இதனை ஆழ்ந்து எண்ணிப் பார்ப்பது நன்று.

ஏன் இப்படி நழுவுகின்றது? நிகழ்ச்சிகளை மனத்தில் ஊன்றச் செய்வதற்கு உதவும் நோர்-அட்ரினலின் என்னும் சுரப்பு விழிப்பில் மூளையெங்கும் பரவியிருக்கிறது. விழியசைவு உறக்கத்தில் அது ஏறக்குறைய நின்றுவிடுகின்றது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள சில உயிரணுக்கள் அந்நேரத்தில் மறதியைத் தூண்டுகின்றன என்று சுண்டெலிகளில் நடந்த ஆய்வொன்று 2019-இல் தெரிவித்தது. ஆக, கனவை மறப்பது நோயன்று, வயதின் குறையுமன்று. உறக்கத்தின் அமைப்பே அது.

கையாளத்தக்க வழிகள்

இவ்வமைப்பை முற்றும் வெல்ல இயலாது. ஆனால் அதனிடமிருந்து ஓரளவு மீட்கலாம். விழித்ததும் கண்ணைத் திறவாமல், படுத்த நிலையை மாற்றாமல், ஒரு நிமிடம் அப்படியே கிடத்தல் வேண்டும். கனவின் தொடக்கத்தைத் தேடுவது வீண். அது முன்பே போயிருக்கும். கடைசிக் காட்சியைப் பற்றிக்கொண்டு, இதற்கு முன் எங்கிருந்தேன், அங்கு எப்படி வந்தேன் என்று பின்னோக்கி நடத்தல் வேண்டும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சொல் போதும்: கிணறு, நீலக் கதவு, அத்தை, மழை. அந்தச் சொற்களை வரிசையாக இருமுறை மனத்துள் சொல்லிக்கொண்ட பின்னரே தலையணைக்கருகில் உள்ள குறிப்பேட்டை எடுக்கலாம். முதலில் சொற்களை மட்டும் எழுதி, விரிவைப் பின்னர் எழுதுவதே நல்லது. முதற்காட்சியை அழகுற எழுதுவதற்குள் மற்றவை பறந்துவிடும்.

கைப்பேசியை எடுப்பது கனவுக்குப் பகை. 1973-இல் நடந்த ஓர் ஆய்வில், விழித்தவுடன் தொலைபேசியில் வானிலை அறிக்கை கேட்டு எழுதுமாறு சிலரிடம் கூறப்பட்டது. அவர்கள் மற்றவர்களைவிட மிகக் குறைவாகவே கனவை நினைவுகூர்ந்தனர். வானிலை அறிக்கையே இவ்வளவு செய்யுமானால், இக்காலக் கைப்பேசி என்ன செய்யாது?

அறிகனவு காண்போருக்கு மட்டும் ஒரு தனி வசதி உண்டு. கனவென்று தெரிந்திருப்பதால், இதை நினைவில் வைக்க வேண்டும் என்று அங்கேயே உறுதி செய்துகொள்ளலாம். நடந்ததை இடையிடையே திரும்பச் சொல்லிப் பார்க்கலாம். கனவு மிக நீளுமுன் விழித்துக்கொள்ளவும் சிலரால் இயலும். ஒன்றில் மட்டும் ஏமாறக் கூடாது. கனவை முழுவதும் எழுதி முடித்தோம் என்ற நிறைவோடு விழித்தால், ஏடு வெறுமையாக இருக்கும், எழுதியதும் கனவிலேதான்! வான் ஏடனும் இப்போலி விழிப்பைத் தனி வகையாகக் குறித்திருக்கிறார்.

இதற்காக இரவில் மணி வைத்து அடிக்கடி எழுவதை நாம் ஏற்கவில்லை. உழைத்துக் களைத்தவருக்கு உறக்கமே முதல் தேவை. எது நனவு எது கனவு என்று பகலிலேயே குழம்புவோரும், உளநோய்க்கு மருந்து உண்போரும் மருத்துவரைக் கேளாமல் இப்பயிற்சிகளில் இறங்கலாகாது. கனவைக் கொண்டு வருங்காலம் பார்ப்பது பற்றிச் சீராக்கின் ஞானநூல் 34-ஆம் அதிகாரம் கண்டிப்பாகவே பேசுகின்றது; உன்னத இறைவனே அனுப்பியதாயின் அன்றி அதில் மனத்தைச் செலுத்தவேண்டாம் என்கிறது. கனவில் கண்டதற்குப் பலன் சொல்லிப் பணம் பறிப்போரின் வாசலில் நம்மவரும் நிற்பது வேதனைக்குரியது.

அறிகனவில் செய்ததற்குப் பொறுப்பு உண்டோ என்று மனச்சான்று நுண்ணியவர்கள் கேட்பர். உறக்கத்தில் பகுத்தறிவு கட்டுண்டிருப்பதால் அங்கு பாவம் இல்லை என்பது அக்குவினாரின் முடிபு. அறிகனவில் அறிவு ஓரளவு கட்டவிழ்கிறதே என்றால், ஓரளவுதான் என்பதே நம் மறுமொழி. எட்டில் ஆறைக் கழிக்க ஐந்தில் நான்கு முறை இயலாத அறிவிடம் முழுச் சம்மதத்தை எதிர்பார்க்க முடியாது. இதற்காக அஞ்சி அஞ்சி ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஓடத் தேவையில்லை. ஐயம் நீங்காதவர் ஆன்ம குருவிடம் அமைதியாகப் பேசிக்கொள்ளலாம்.

தாயின் சொல்லை இழந்து தவிப்பவருக்கு மீண்டும் வருவோம். குறிப்பேட்டில் அவர் எழுதத்தக்கவை உள்ளன. தாய் உடுத்தியிருந்த சேலையின் நிறம், அவர் அமர்ந்திருந்த திண்ணை, சிரித்தாரா இல்லையா, தமக்குள் எழுந்த அமைதி. கனவின் காட்சிகள் மறைந்த பின்னும் அதன் உணர்வு நெடுநேரம் தங்குவதைப் பலரும் அறிவர். அதனையும் எழுதலாம். தாய் பேசிய இடம் வரும்போது, பேசினார், என்ன பேசினார் என்பது நினைவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்லலாம். வீட்டில் பிறர் கேட்டாலும் அதையே சொல்லலாம்.